குடும்பத்தோடு ஓர் ஆற்றங்கரை நடை: டெர்வென்ட் பள்ளத்தாக்கை வாசித்தல்

இங்கிலாந்தின் நடுப்பகுதியில், டார்பிஷயர் மாவட்டத்தில், டெர்வென்ட் என்றோர் ஆறு. காவிரியையும் தாமிரபரணியையும் பார்த்த கண்ணுக்கு அது ஆறாகவே தோன்றாது. மழைக்காலத்துப் பெரிய வாய்க்கால், அவ்வளவுதான். பீக் மாவட்டத்தின் மலைச்சதுப்பில் பிறந்து, சுண்ணாம்புப் பாறைகளுக்கு நடுவே வளைந்து, டார்பி நகரைத் தாண்டி டிரென்ட் ஆற்றில் கலந்துவிடுகிறது. மேட்லாக் பாத் என்ற சிற்றூரிலிருந்து டார்பி வரையிலான சுமார் 24 கிலோமீட்டர் நீளத் துண்டை 2001இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. ஆற்றுக்காக அல்ல, ஆற்றோரத்துப் பஞ்சாலைகளுக்காக. ஆலைமுறை உற்பத்தி பிறந்த தொட்டில் என்று அந்தப் பள்ளத்தாக்கு தன்னைச் சொல்லிக்கொள்கிறது.

இன்று அங்கே வருகிறவர்களில் பெரும்பாலோர் நடக்க வருகிறவர்கள். கிராம்ஃபோர்டு ஆலை முற்றத்தில் தொடங்கி, கால்வாய் ஓரமாகவே இரண்டு கிலோமீட்டர் போனால் பழைய ரயில் சந்திப்பு ஒன்று வரும். இன்னும் கொஞ்சம் தள்ளி லீவுட் என்ற இடத்தில் நீராவி இறைப்பு நிலையம். ஒரு பக்கம் கால்வாய், சற்றுக் கீழே ஆறு, எதிரே காடு. பாதையில் மேடுபள்ளம் கிடையாது, குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டே போகலாம். இப்படி மட்டமாக இருப்பது இயற்கையின் கருணையால் அல்ல. 1794இல் திறந்த அந்தக் கால்வாயில் சரக்குப் படகுகளைக் குதிரைகள் இழுத்துச் சென்ற தடம் அது. நிலக்கரியும் சுண்ணாம்புக் கல்லும் போன வழியில் இப்போது வாத்துக்கு ரொட்டி போடுகிறார்கள்.

இம்மாதிரி நடைகளைச் சுற்றுலாப் பிரசுரங்கள் 'குடும்பத்துக்கு ஏற்றது' என்று வகைப்படுத்துவது வழக்கம். இந்தக் 'குடும்பம்' என்ற சொல்லைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. இதே இடத்துக்குக் குடும்பமாக வரச்சொல்லி 18ஆம் நூற்றாண்டிலும் அழைப்பு விடுத்தார்கள். அது நடப்பதற்கான அழைப்பு அல்ல. அந்தக் குடும்பத்துக்கும் இந்தக் குடும்பத்துக்கும் நடுவே என்ன நடந்தது என்பதை மரபுச் சின்னம் என்ற சொல்லாடல் எப்படி வழித்துத் துடைத்து வைத்திருக்கிறது என்று பார்க்கலாம்.

முதலில் தண்ணீர். ஆற்றங்கரை ஆலை என்றதும் ஆறுதான் ஆலையை ஓட்டியது என்று நினைத்துக்கொள்வோம். கிராம்ஃபோர்டில் அப்படி இல்லை. ரிச்சர்ட் ஆர்க்ரைட் 1771இல் கட்டத் தொடங்கிய முதல் ஆலையின் சக்கரத்தை டெர்வென்ட் சுழற்றவில்லை. பான்சால் ஓடை என்ற சிற்றோடையும், 'சஃப்' என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்லும் சுரங்க வாய்க்கால் ஒன்றும் சேர்ந்து சுழற்றின. ஈயச் சுரங்கங்களுக்குள் ஊறுகிற தண்ணீரை வெளியே வடிக்க மலையைக் குடைந்து வெட்டியது இந்த வாய்க்கால். பூமிக்குள்ளிருந்து வருவதால் அதன் தண்ணீர் குளிர்காலத்திலும் உறையாது. ஆர்க்ரைட்டுக்கு அது இலவசமாகக் கிடைத்த எந்திர விசை. ஆனால் அதைக் குடைந்தவர்கள் 17ஆம் நூற்றாண்டிலிருந்து அந்த மலையில் பாறை உடைத்த ஈயச் சுரங்கத் தொழிலாளிகள். தொழிற்புரட்சியின் முதல் சக்கரம் இன்னொரு தொழிலின் கழிவுநீரில் சுழன்றது. ஆற்றின் வேகத்தை நேரடியாகப் பிடித்துக்கொண்டது பிறகு 1783இல் வந்த மேஸன் ஆலைதான்.

தண்ணீரை மட்டுமல்ல, ஆட்களையும் ஈயச் சுரங்கங்களே கொடுத்தன. 1720களில் டானியல் டீஃபோ இந்த வட்டாரத்தில் சுற்றியபோது, குகையில் குடியிருந்த ஒரு சுரங்கத் தொழிலாளியின் குடும்பத்தைப் பார்த்து எழுதியிருக்கிறார். கணவனுக்கு நாளொன்றுக்கு 5 பென்ஸ். ஈயக்கல் கழுவப் போகிற நாளில் மனைவிக்கு 3 பென்ஸ். வீடு நிறையப் பிள்ளைகள். டீஃபோ வியந்தது அவர்கள் சுத்தமாக இருந்ததைக் கண்டு. பத்திரிகையாளர் கண் அது! ஐம்பது ஆண்டு கழித்து அதே வட்டாரத்துக்கு வந்த ஆர்க்ரைட்டின் கண் வேறு கணக்குப் போட்டது. சுரங்கத்துக்குள் ஆண்கள் போய்விடுகிறார்கள். வெளியே பெண்களும் பிள்ளைகளும் மலிவாகக் கிடைக்கிறார்கள். பெரிய நகரம் பக்கத்தில் இல்லை. கூலியைக் கூட்டிக் கேட்க வேறு முதலாளியும் இல்லை.

ஆர்க்ரைட் பிறந்தது லங்காஷயரின் பிரெஸ்டன் ஊரில். முடி திருத்தும் தொழிலும் தலைமுடி வாங்கி டோப்பா செய்யும் வியாபாரமும் செய்தவர். நூற்பு எந்திரத்துக்கு 1769இல் காப்புரிமை வாங்கினார். அது உண்மையிலேயே யாருடைய கண்டுபிடிப்பு என்று வழக்கு நடந்து 1785இல் அந்தக் காப்புரிமை ரத்தாயிற்று. அதற்கு அடுத்த ஆண்டே அவருக்கு 'சர்' பட்டம். இதை முரண் என்று பார்க்க வேண்டியதில்லை. அவர் உண்மையில் கண்டுபிடித்தது எந்திரத்தை அல்ல, எந்திரத்தைச் சுற்றி மனிதர்களை அடுக்குகிற முறையை. அதற்குக் காப்புரிமை தேவைப்படவில்லை. எல்லோரும் பார்த்தே கற்றுக்கொண்டார்கள். ஜெர்மனியில் ராட்டிங்கன் என்ற ஊரில் 1780களில் ப்ரூகல்மன் என்பவர் எந்திர ரகசியத்தைக் கடத்திக்கொண்டுபோய் ஆலை தொடங்கியபோது, அதற்கு கிராம்ஃபோர்டு என்றே பெயரும் வைத்தார்.

ஆட்களை அடுக்கிய விதத்தை அவர் கொடுத்த விளம்பரங்களிலேயே பார்க்கலாம். 1771 டிசம்பரில் டார்பி பத்திரிகையில் வந்த விளம்பரம் கடிகாரம் செய்கிறவர்களையும் நெசவாளர்களையும் கேட்டுவிட்டு, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வேலை உண்டு என்கிறது. 1781இல் வந்தது இன்னும் வெளிப்படை. கொல்லர், தச்சர், நெசவாளர் வேண்டும், பெரிய குடும்பம் உடையவர்களாக இருக்க வேண்டும், ஏழு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு நிரந்தர வேலை. இங்கே தகப்பன்தான் இணைப்பு, சரக்கு பிள்ளைகள். ஒரு வண்டி விறகு என்று கேட்பதைப்போல ஒரு குடும்பம் என்று கேட்டிருக்கிறார்கள்.

கிராம்ஃபோர்டில் நார்த் ஸ்ட்ரீட் என்ற தெரு இருக்கிறது. 1776 வாக்கில் ஆர்க்ரைட் கட்டிய தொழிலாளர் குடியிருப்பு. மூன்று மாடி வரிசை வீடுகள். நன்றாகக் கட்டியிருக்கிறார், அதை மறுக்க முடியாது. நம்மூர் மில் லைன் வீடுகளைப் பார்த்தவர்களுக்கு அது மாளிகைதான். ஆனால் மேல்மாடியின் நீண்ட சன்னலைக் கவனிக்க வேண்டும். அது தறி போட வெளிச்சம் வரும் சன்னல். தகப்பன் மேலே நெய்வான். மனைவியும் மக்களும் கீழே தெரு முனையில் உள்ள ஆலைக்கு நூற்கப் போவார்கள். வீடு என்பதே ஆலையின் நீட்சி. குடும்பத்துக்கு வெளியே உற்பத்தி, உள்ளே பாசம் என்று பிற்காலத்து முதலாளியம் போட்ட கோடு, அதன் பிறப்பிடத்தில் இல்லவே இல்லை. அந்தக் கோட்டை வரைந்த பிறகுதான் 'குடும்பத்தோடு ஞாயிறு நடை' என்ற ஒன்று சாத்தியமாயிற்று.

ஆலை இரவும் பகலும் ஓடியது. பன்னிரண்டு மணி நேரம் ஒரு ஷிப்டு. மணி அடித்தால் உள்ளே; அடுத்த மணிக்கு வெளியே. தொழிற்காலமும் ஒழுங்கும் பற்றி ஈ.பி.தாம்சன் 1967இல் எழுதிய கட்டுரையைப் படித்தவர்களுக்கு இதற்குமேல் சொல்லத் தேவையில்லை. சூரியனைப் பார்த்து வேலை செய்த சனங்களின் உடம்புக்குள் கடிகாரத்தை இறக்கிய பள்ளிக்கூடம் இது. அந்த உடம்புகளில் ஏராளம் ஏழெட்டு வயது உடம்புகள். 1785இல் ஆர்க்ரைட் அவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியும் தொடங்கினார். வாரத்தில் மிச்சமிருந்த ஒரே நாளும் அப்படியாக ஒழுங்குக்குள் வந்தது.

ஊரில் அவர் ஒரு நடையும் ஏற்பாடு செய்தார். 1776 செப்டம்பரில் சுமார் 500 தொழிலாளிகள் ஆலையிலிருந்து கிளம்பி, வாத்தியம் முன்னே செல்ல, ஊரைச் சுற்றி வந்தார்கள். தறியில் உட்கார்ந்து நெய்கிற ஒரு சிறுவனையும் ஊர்வலத்தில் கொண்டுபோனார்கள், நம்மூரில் சாமியைத் தூக்குகிற மாதிரி. திரும்பி வந்ததும் பன்னும் பழமும் கொட்டையும் மதுவும். பிறகு ஆட்டம் பாட்டம். அந்தப் பள்ளத்தாக்கில் நடந்த முதல் 'குடும்ப நடை' என்று இதைத்தான் சொல்ல வேண்டும். யார் நடத்துகிறார், யாருக்காக நடக்கிறார்கள் என்பதில் ஒரு ஒளிவுமறைவும் இல்லை.

எதிர்ப்பு இருந்ததா என்றால், இருந்தது. 1779 அக்டோபரில் லங்காஷயரில் பர்க்கேக்கர் என்ற இடத்தில் ஆர்க்ரைட்டின் ஆலையை மக்கள் கூட்டம் கொளுத்தியது. செய்தி வந்ததும் கிராம்ஃபோர்டில் துப்பாக்கிகளும் பீரங்கியும் தயாராயின. சாலையைப் பார்த்த சுவரில் கீழ்த்தளத்தில் சன்னல் இல்லாமல் கோட்டை மாதிரி அந்த ஆலை நிற்பதை இன்றைக்கும் பார்க்கலாம். படம் எடுத்துக்கொள்ள நல்ல இடம் என்று அதன் முன்னே பிள்ளைகளை நிறுத்துகிறார்கள்.

இந்த ஆலைகள் அழகானது எப்படி என்பது தனிக் கதை. டார்பியைச் சேர்ந்த ஓவியர் ஜோசப் ரைட் 1780களின் தொடக்கத்தில் ஆர்க்ரைட்டின் ஆலைகளை இரவில் இருப்பதாக வரைந்தார். மேலே நிலா, இருண்ட மலை, நடுவே வரிசை வரிசையாக மஞ்சள் வெளிச்சச் சன்னல்கள். ஓவியத்தில் ஒரு மனித முகம்கூட இல்லை. அத்தனை சன்னலுக்குப் பின்னாலும் இராத்திரி ஷிப்டு. எராஸ்மஸ் டார்வின் 1789இல் வெளியிட்ட தாவரக் கவிதையில் பருத்தியையே டெர்வென்ட் கரையில் நடமாடும் ஒரு தேவதையாக்கிவிட்டார். எந்திரம் தேவதையின் விளையாட்டுப் பொருள். இயற்கையழகு என்ற சட்டகத்துக்குள் ஆலையை வைத்த வேலையை யுனெஸ்கோ தொடங்கவில்லை. ஆலை ஓடிக்கொண்டிருந்தபோதே, அதன் முதலாளியோடு விருந்துண்டவர்கள் தொடங்கிவிட்டார்கள்.

டெர்வென்ட்டில் வந்து சேரும் வை ஆற்றின் கரையில் லிட்டன் ஆலை. இதுவும் இன்று நடப்பவர்களின் செல்ல இடம். ஆலைக் கட்டடம் இப்போது அடுக்கு வீடுகள். கிராம்ஃபோர்டு உள்ளூர்க் குடும்பங்களை எடுத்தது என்றால், லிட்டன் குடும்பமே இல்லாத குழந்தைகளை எடுத்தது. ராபர்ட் ப்ளிங்கோ லண்டன் செயின்ட் பான்க்ரஸ் ஏழையர் விடுதியில் வளர்ந்தவன். மாட்டிறைச்சியும் இனிப்பும் கிடைக்கும், குதிரை ஏறலாம் என்றெல்லாம் ஆசை காட்டி, 1799இல் ஏழு வயதில் வண்டியேற்றி நாட்டிங்ஹாம் பக்கத்து ஆலை ஒன்றுக்கு அனுப்பினார்கள், அங்கிருந்து லிட்டன். எல்லிஸ் நீடம் என்ற முதலாளியிடம் அவன் பட்ட அடியும் பட்டினியும் சித்திரவதையும் 1828இல் ரிச்சர்ட் கார்லைல் நடத்திய ஏட்டிலும், 1832இல் தொழிற்சங்கவாதி ஜான் டோஹர்ட்டி வெளியிட்ட சிறுநூலிலும் அச்சேறின. செத்த பிள்ளைகளின் எண்ணிக்கை கண்ணில் படாதிருக்க இரண்டு ஊர் இடுகாடுகளில் பிரித்துப் புதைத்தார்கள் என்கிறது அந்த நினைவுக்குறிப்பு.

மார்க்ஸ் 'மூலதன'த்தின் முதல் பாகத்தில், தொழில் முதலாளியின் தோற்றத்தைப் பேசுமிடத்தில், ஜான் ஃபீல்டன் என்ற ஆலை முதலாளியின் எழுத்தை எடுத்தாள்கிறார். ஊரார் கண்ணுக்கு எட்டாத டார்பிஷயரின் அழகான பள்ளத்தாக்குகள் குழந்தைகளை வதைக்கும் இடங்களாயின என்பது அதன் சாரம். இதை நாம் கவனமாக வாசிக்க வேண்டும். அழகான இடத்தில் ஒரு கொடுமை நடந்தது என்ற தற்செயலைப் பற்றி அது பேசவில்லை. எந்தத் தனிமை இன்று நடைக்குச் சுகமாக இருக்கிறதோ, அதே தனிமைதான் அன்று அடிக்கு மறைவாக இருந்தது. நீர்விசைக்காக ஆலைகள் மலை இடுக்கைத் தேடிப் போயின. போன இடத்தில் சாட்சி இல்லை. மரங்களும் பாறையும் ஓடை இரைச்சலும் பின்னணியாக நிற்கவில்லை, உற்பத்திக் கருவிகளாகவே இருந்தன.

பஞ்சு எங்கிருந்து வந்தது? டார்பிஷயரில் பருத்தி விளையாது. 1780களில் இங்கிலாந்துக்கு வந்த பஞ்சில் பெரும்பங்கு மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து வந்தது, பிறகு அமெரிக்கத் தென்மாநிலங்களிலிருந்து. இரண்டிலும் விளைவித்தவர்கள் ஆப்பிரிக்க அடிமைகள். கிராம்ஃபோர்டின் குழந்தை பிடித்த இழையின் மறுமுனையில் இன்னொரு குழந்தை இருந்தது. அதற்குக் கூலியும் கிடையாது, ஞாயிற்றுக்கிழமையும் கிடையாது. 2010களில் நாட்டிங்ஹாமிலிருந்து கரீபிய வம்சாவளி மக்கள் இந்த ஆலைகளுக்கு வந்து, எங்கள் முன்னோர் இந்தக் காட்சியில் எங்கே என்று கேட்ட பிறகுதான் பருத்தியின் கதை அங்கே விரியத் தொடங்கியது.

நமக்கும் இதில் ஒரு இழை இருக்கிறது. சோழமண்டலக் கரையின் சீட்டித் துணிகளும் கோழிக்கோட்டின் பெயரால் 'காலிக்கோ' ஆன துணிகளும் இங்கிலாந்துச் சந்தையை அடித்துக்கொண்டு போனபோது, 1719இல் லண்டன் நெசவாளிகள் தெருவில் காலிக்கோ உடுத்திய பெண்களின் ஆடையைக் கிழித்தார்கள். 1721இல் அச்சிட்ட பருத்தித் துணியை உடுத்துவதையே நாடாளுமன்றம் தடைசெய்தது. அங்கே பாவுக்குத் தாங்கும் பருத்தி நூலைக் கையால் நூற்க அவர்களுக்குக் கைவரவில்லை. லினன் பாவு போட்டு, பருத்தி ஊடை கோத்து ஒப்பேற்றினார்கள். வங்கத்திலும் தெலுங்கு, தமிழ்ப் பகுதிகளிலும் அந்தப் பாவு நூலை நூற்றவர்கள் பெண்கள். நம் பக்கத்தில் அவர்களில் தாழ்த்தப்பட்ட சாதிப் பெண்கள் கணிசம். ஆர்க்ரைட்டின் எந்திரம் செய்தது என்ன? இந்தப் பெண்களின் விரல் திறனுக்கு எந்திர மாற்று. முறுக்கான பாவு நூல் கிடைத்ததும் ஆர்க்ரைட் தரப்பு மனு போட்டது. 1774இல் உள்நாட்டுப் பருத்தித் துணிக்கு மட்டும் தடை நீங்கியது. அடையாளத்துக்குத் துணியின் கரையில் மூன்று நீல இழை ஓட வேண்டும். இந்தியத் துணிக்குத் தடை தொடர்ந்தது. சுதந்திர வாணிபம் என்று பிற்பாடு நமக்குப் பாடம் எடுத்தவர்களின் தொடக்கம் இது. 19ஆம் நூற்றாண்டில் ஆலை நூல் கப்பலேறி இங்கே வந்தது, நம் பெண்களின் ராட்டை நின்றது. டெர்வென்ட் பள்ளத்தாக்கின் தகவல் பலகை எதிலாவது அவர்களும் இடம்பெற வேண்டும் என்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது.

அந்த முறை இங்கேயும் வந்திறங்கியது. பாபநாசத்தில் தாமிரபரணி அருவியின் விசையை நம்பி ஹார்வி சகோதரர்கள் 1885இல் நூற்பாலை வைத்தார்கள். குடும்பத்தோடு நீராடப் போகிற இடத்தில் நீராலேயே ஓடிய மில். ஒரு நூற்றாண்டு கழித்து, 1990களிலிருந்து கொங்குப் பகுதி நூற்பாலைகளில் 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில் பதின்வயதுப் பெண்களை மூன்றாண்டு ஒப்பந்தத்தில் ஆலை விடுதிகளுக்குள் அடைத்தபோதும் தரகன் பேசியது பெற்றவர்களிடம்தான். மூன்றாண்டு முடிவில் மொத்தப் பணம், அதில் கல்யாணம். கூலிக்கான பேரம் குடும்பத்தின் நடுவீட்டில் நடக்கிறது. 1781 விளம்பரத்தை அந்தத் தரகன் படித்திருக்க வாய்ப்பில்லை. ஆனாலும் அட்சரம் பிசகவில்லை.

கிராம்ஃபோர்டு ஆலைக்கு என்னாச்சு? ஆர்க்ரைட் 1792இல் செத்தார். அதற்குப்பின் அவர் குடும்பத்தின் ஆலையைச் சாய்த்ததும் தண்ணீர்தான். இன்னும் ஆழத்தில் வெட்டிய மீர்புரூக் என்ற மற்றொரு சுரங்க வாய்க்கால் மலைக்குள்ளிருந்த நீரையெல்லாம் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. 1840களில் ஆலைச் சக்கரத்துக்கு வரத்து அற்றுப்போயிற்று. கால்வாயும் அதே நீரை நம்பி இருந்ததால், டெர்வென்ட்டிலிருந்து நீரை மேலே இறைக்க 1849இல் லீவுட் இறைப்பு நிலையம் கட்ட வேண்டியதாயிற்று. குடும்பங்கள் நின்று பார்க்கிற அந்த உயரமான புகைபோக்கி ஒரு தண்ணீர்த் திருட்டின் ஞாபகச் சின்னம். பிறகு ஆலைக் கட்டடங்கள் சாயப்பொடித் தொழிற்சாலை ஆயின. ஈயமும் குரோமியமும் சுவரிலும் மண்ணிலும் ஊறின. 1979இல் ஆர்க்ரைட் சங்கம் என்ற அமைப்பு இடத்தை வாங்கி, நஞ்சை அள்ளிக் கொட்டுவதற்கே பல ஆண்டுகள் பிடித்தன. பூத்துக் குலுங்கும் 'பழைய' ஆலை முற்றம் நம் காலத்தில் செய்தெடுத்த பொருள்.

இத்தனையும் சொல்வதால், அங்கே நடக்கிறவர்களைக் கேலி செய்வது நோக்கமல்ல. நடக்கும் உரிமையையே அங்கே தொழிலாளிகள் அடிபட்டு வாங்கினார்கள். டெர்வென்ட் பிறக்கும் அதே மலைத்தொகுதியில், கிண்டர் ஸ்கவுட் என்ற மேட்டுநிலம் பிரபுக்களின் வேட்டைக்காடாக இருந்தது; ஆலை நகரங்களின் சனங்களுக்கு நுழைய அனுமதி இல்லை. 1932 ஏப்ரல் 24 அன்று பென்னி ராத்மன் என்ற இளம் கம்யூனிஸ்ட் தலைமையில் நூற்றுக்கணக்கான மான்செஸ்டர் வட்டாரத்து இளைஞர்கள் அத்துமீறி உள்ளே நடந்தார்கள். ராத்மன் உட்பட ஐந்து பேருக்குச் சிறை. 1951இல் பீக் மாவட்டம் பிரிட்டனின் முதல் தேசியப் பூங்கா ஆனதற்கும், 2000இல் திறந்தவெளிகளில் நடக்கும் உரிமை சட்டமானதற்கும் பின்னால் அந்த நடை இருக்கிறது. வாரத்தில் ஒரு நாள் உடம்பைத் தனக்காகப் பயன்படுத்துவது என்பது கொஞ்சநஞ்சக் கோரிக்கை அல்ல. அதைக் கேட்டவர்கள் ஆர்க்ரைட் முறையில் வளர்ந்தவர்களின் பேரப்பிள்ளைகள்.

மரபுச் சின்னத்தின் தெற்கு முனையில், டார்பி நகருக்குள், ஆற்றை ஒட்டி லோம் சகோதரர்களின் பட்டாலை. 1721இல், காலிக்கோ தடைச்சட்டம் வந்த அதே ஆண்டில், முடிந்தது. 1730இல் அங்கே வேலைக்குச் சேர்ந்த வில்லியம் ஹட்டனுக்கு ஏழு வயது. எந்திரம் எட்டவில்லை என்று காலில் உயரமான கட்டைகளைக் கட்டிவிட்டார்கள். எட்டுகிற உயரம் வரும்வரை அவற்றை இழுத்துக்கொண்டே நடந்ததாகப் பின்னாளில் அவர் வரலாற்றாசிரியர் ஆனபோது எழுதினார். 1833 நவம்பரில் அதே நகரத்தில், சங்கத்தை விட்டு விலகினால்தான் வேலை என்று பட்டாலை முதலாளிகள் கதவடைப்புச் செய்தார்கள். பெண்களும் பிள்ளைகளுமாகத் தொழிலாளிகள் குளிர்காலம் முழுக்கத் தாக்குப்பிடித்து, 1834 ஏப்ரலில் தோற்றார்கள். பலரைத் திரும்ப எடுக்கவில்லை. பட்டாலை இருந்த இடத்தில் 2021இல் புதிய அருங்காட்சியகம் திறந்திருக்கிறார்கள். அந்தக் கதவடைப்பை நினைவுகூர்ந்து டார்பியின் தொழிற்சங்கங்கள் ஆண்டுதோறும் கோடைத் தொடக்கத்தில் கொடிகளோடும் வாத்தியத்தோடும் ஊர்வலம் போகின்றன.